லாகின் செய்தவரை வெளியே தள்ளுவது யார்? செஷன் டைம்அவுட்டைத் தேடிப் பிடிக்கும் வழி

கேள்வி இதுதான்: பிஎச்பியில் எழுதிய அப்ளிகேஷன், உபுண்டு சர்வர், முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர். கோடில் செஷன் நேரத்தை, அதாவது சும்மா இருந்தாலும் லாகின் நிலைக்கும் நேரத்தை, 2 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பயனர்களில் சிலர் அரை மணி நேரத்துக்குள்ளேயே, சிலர் முக்கால் மணி நேரம் கழித்து லாகின் பக்கத்தில் போய் விழுகிறார்கள். அண்மையில் ரிக்வெஸ்டுகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோடு பேலன்சர் வைத்து இரண்டாவது சர்வர் சேர்த்ததிலிருந்து, லாகின் செய்து அடுத்த பட்டனை அழுத்தியதுமே வெளியே வந்துவிடுவதும் நடக்கிறது. டைம்அவுட்டை 8 மணி நேரமாக்கினால் சரியாகிவிடுமா?

ஆகாது. நீங்கள் வைத்த 2 மணி நேரத்தையே யாரும் மதிக்கவில்லை என்பதுதான் இங்கே பிரச்சினை. மதிக்காத எண்ணை 8 ஆக்கினாலும் மதிக்கப்போவதில்லை. செஷனைக் கொல்லக்கூடிய கைகள் நிறைய இருக்கின்றன: பிரவுசர், பிஎச்பி, பழைய கோப்புகளைத் துடைக்கும் டைமர், லோடு பேலன்சர், ரெடிஸ் போன்ற சேமிப்பகம், புதுக் கோடைச் சர்வரில் ஏற்றும் டிப்ளாய் ஸ்கிரிப்ட், உங்கள் கோடு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிகாரம். எந்தக் கை என்று தெரியும் வரை எந்த எண்ணையும் தொடாதீர்கள்.

முதலில் ஒரு அடிப்படை. செஷன் என்பது இரண்டு துண்டு. பொருட்கள் வைப்பறையில் பையைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்குவது போல, பிரவுசரிடம் இருக்கும் குக்கீ வெறும் டோக்கன். பை சர்வரிடம் இருக்கிறது. டோக்கன் தொலைந்தாலும் பை தொலைந்தாலும் பயனருக்குத் தெரிவது ஒரே லாகின் பக்கம்தான். அதனால்தான் "செஷன் போய்விட்டது" என்ற புகாரை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. லாகின் பக்கத்துக்குத் திருப்பப்பட்ட அந்த ஒரு ரிக்வெஸ்டில் குக்கீ வந்ததா? வந்தது என்றால், அந்த ஐடிக்கு உரிய தரவு சர்வரிடம் இருந்ததா? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

பிரவுசர் பக்கம் பார்ப்பது எளிது. எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில், பக்கம் மாறினாலும் பதிவு அழியாமல் இருக்கும் தேர்வைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரச்சினை வந்ததும் 302 (வேறு முகவரிக்குப் போ) என்று திருப்பிய ரிக்வெஸ்டைத் திறந்து, போன ஹெடர்களில் செஷன் குக்கீ இருக்கிறதா, பதிலில் புதுக் குக்கீ வைக்கச் சொல்கிறதா என்று பாருங்கள். குக்கீ போகவே இல்லை என்றால் சர்வர் கான்ஃபிகைக் கிளறிப் பயனில்லை. பழைய ஐடி போய், பதிலில் புது ஐடி வந்தால், சர்வருக்குப் பழையது அடையாளம் தெரியவில்லை.

பிஎச்பியில் இங்கே ஒரு பொறி உண்டு. ஸ்ட்ரிக்ட் மோடு என்ற அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கும். அணைந்திருந்தால், பிரவுசர் கொண்டுவரும் ஐடிக்குத் தரவு இல்லாவிட்டாலும் பிஎச்பி அதே ஐடியில் ஒரு காலி செஷனைத் திறந்துவிடும். ஐடி மாறாது, உள்ளே மட்டும் ஒன்றும் இருக்காது. "ஐடி அப்படியே இருக்கிறதே, அப்போ செஷன் உயிரோடுதானே இருக்கிறது" என்று பலர் தவறான திசையில் போவது இதனால்தான். பாதுகாப்புக்காகவும் அந்த ஸ்ட்ரிக்ட் மோடை இயக்கி வைப்பது நல்லது. வெளியாள் ஒருவர் தானே உருவாக்கிய ஐடியைப் பயனர் தலையில் கட்டும் தாக்குதலை அது தடுக்கிறது.

சர்வர் பக்கம், லாகினுக்குத் திருப்பும் கோடு எங்கே இருக்கிறதோ அதற்குச் சற்று முன் ஒரு லாக் வரி எழுதுங்கள். நேரம், எந்த சர்வர், குக்கீ வந்ததா, செஷன் காலியா, தரவு இருந்தால் கடைசியாக அசைந்த நேரம், திருப்பியதற்கான காரணம், ஐடியின் ஹாஷில் (ஐடியிலிருந்து கணக்கிட்ட, திரும்ப ஐடியாக்க முடியாத குறியீடு) முதல் சில எழுத்துகள். முழு ஐடியை லாகில் எழுத வேண்டாம்; லாகைப் படிக்கும் எவரும் அந்தப் பயனராக உள்ளே நுழைந்துவிடலாம். வரி இப்படி இருக்கும்: "10:39:41, சர்வர் 2, குக்கீ வந்தது, செஷன் காலி". இது ஒரு நாள் ஓடினாலே படம் தெளிவாகிவிடும். பயனர்களிடம் "எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தீர்கள்" என்று கேட்டுக் கிடைக்கும் பதிலைவிட இது எவ்வளவோ மேல்.

எத்தனை நிமிடத்தில் போகிறது என்பதும் நிறையச் சொல்லும். பல கருவிகளுக்குத் தொழிற்சாலையிலிருந்து வரும் இயல்பு எண்கள் தெரிந்தால் எண்ணைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். 24 நிமிடம் என்றால் பிஎச்பியின் 1440 விநாடி. 20 நிமிடம் என்றால் ஏஎஸ்பி டாட் நெட்டின் செஷன், அல்லது மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரான ஐஐஎஸ் யாரும் வராதபோது அப்ளிகேஷன் பூலைத் தூங்க வைக்கும் நேரம். இரண்டுக்கும் இயல்பு எண் ஒன்றே என்பது குழப்பத்துக்கென்றே வைத்தது போல. 30 நிமிடம் என்றால் டாம்கேட். சரியாக 2 மணி நேரம் என்றால் லாராவெல். இரண்டு வாரம் என்றால் ஜாங்கோ. 60 விநாடியில் ஏதோ உடைகிறது என்றால் அது அனேகமாக செஷனே இல்லை, நடுவில் நின்று ரிக்வெஸ்டைக் கைமாற்றும் ப்ராக்ஸி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஒரே நொடியில் எல்லோரும் வெளியே விழுந்தால் டைம்அவுட்டைத் தேடாதீர்கள், ரீஸ்டார்ட்டைத் தேடுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். அரை மணிக்குள்ளும் முக்கால் மணி கழித்தும் என்று ஆளுக்கொரு நேரத்தில் போகிறது என்பதும் சர்வர் உபுண்டு என்பதும் சேர்ந்தே பாதி விடை.

பிஎச்பி தன் இயல்பில் பழைய செஷன் கோப்புகளை ஒரு குலுக்கல் முறையில் துடைக்கிறது. ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் ஒரு சிறிய வாய்ப்பு. சீட்டு விழுந்த ரிக்வெஸ்டில் ஜிசி மேக்ஸ்லைஃப்டைம் என்ற எண்ணைவிடப் பழையதான கோப்புகள் எல்லாம் போகும். டெபியனும் அதன் வழி வந்த உபுண்டுவும் இந்தக் குலுக்கலை அணைத்துவிட்டு, வாய்ப்பை 0 என்று வைத்து, துடைக்கும் வேலையை ஒரு தனி ஸ்கிரிப்டிடம் கொடுத்திருக்கின்றன. அது ஒவ்வொரு மணியிலும் 9ஆம் நிமிடமும் 39ஆம் நிமிடமும் ஓடும். முக்கியமான விஷயம், அந்த ஸ்கிரிப்ட் ஜிசி மேக்ஸ்லைஃப்டைமை பிஎச்பியின் ஐஎன்ஐ (அமைப்பு) கோப்புகளிலிருந்து படிக்கிறது. உங்கள் கோடு ஓடும்போது ஐஎன்ஐ செட் மூலம் வைத்த 7200 அதற்குத் தெரியவே தெரியாது. வெப் ரிக்வெஸ்டுகளுக்கு பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்மின் பூல் கோப்பில் எழுதி வைத்ததும் தெரியாது. அதைப் பொறுத்தவரை எண் இன்னும் 1440 விநாடிதான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பயனர் கடைசியாக 10:14க்கு ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு வேறு வேலையில் இறங்குகிறார். 10:39க்குத் துடைப்பான் வரும்போது அவருடைய கோப்புக்கு வயது 25 நிமிடம். போய்விட்டது. இன்னொருவர் 10:16க்குக் கடைசியாகத் தொட்டார். 10:39க்கு அவர் கோப்புக்கு 23 நிமிடம்தான், தப்பித்தது. அடுத்த சுற்று 11:09. அப்போது 53 நிமிடம். இடையில் எப்போது திரும்பி வந்திருந்தாலும் அவருக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்திருக்கும். இரண்டு நிமிட வித்தியாசத்தில் ஒருவருக்கு 25 நிமிட செஷன், மற்றவருக்கு 53 நிமிட செஷன். உங்கள் பயனர்கள் சொல்லும் அந்தத் தாறுமாறான நேரங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு துல்லியமான கடிகாரம் இருக்கிறது. உங்கள் லாகில் "செஷன் காலி" வரிகள் 9ஆம் நிமிடத்துக்கும் 39ஆம் நிமிடத்துக்கும் பிறகு கூட்டமாக வந்தால் சந்தேகமே வேண்டாம்.

சரிசெய்வது ஒரு வரி வேலை: எஃப்பிஎம் பயன்படுத்தும் ஐஎன்ஐ கோப்பிலேயே ஜிசி மேக்ஸ்லைஃப்டைமை 7200 ஆக்கி, எஃப்பிஎம்மை ரீலோடு செய்யுங்கள். கமாண்ட் லைனுக்கு வேறு ஐஎன்ஐ கோப்பு இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். டெர்மினலில் பார்த்து "7200 காட்டுகிறதே" என்று திருப்திப்பட்டால், நீங்கள் பார்த்தது வேறு கோப்பாக இருக்கலாம். வெப் வழியாக ஓடும் ஒரு பக்கத்தில் அந்த மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொரு வில்லங்கம். ஒரே சர்வரில் இரண்டு அப்ளிகேஷன்கள், இரண்டும் ஒரே செஷன் கோப்புறை. ஒன்று 2 மணி நேரம் என்று வைத்திருக்கிறது, மற்றது 10 நிமிடம். குலுக்கல் முறையில் துடைக்கும் சர்வரில், இரண்டாவது அப்ளிகேஷனுக்குச் சீட்டு விழும்போது அது தன்னுடைய கோப்பு, பக்கத்து வீட்டுக் கோப்பு என்று பிரித்துப் பார்க்காது. 10 நிமிடத்துக்குப் பழையது எல்லாமே போகும். யாருடைய எண் குறைவோ அவர் சட்டம்தான் எல்லோருக்கும். ஆளுக்கொரு கோப்புறை கொடுங்கள். ஆனால் டெபியன் வகை சர்வரில் கோடு வழியாகக் கோப்புறையை மாற்றினால் துடைப்பான் அங்கே எட்டிப்பார்க்காது. கோப்புகள் மலைபோலச் சேரும். அந்த இடத்துக்கு நீங்களே குலுக்கலை இயக்க வேண்டும்.

குக்கீயின் ஆயுள் வேறு, தரவின் ஆயுள் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். குக்கீ லைஃப்டைம் இயல்பாக 0, அதாவது பிரவுசர் மூடும்வரை. சிலர் "2 மணி நேரம்" என்று கேட்டதும் இதையும் 7200 ஆக்கிவிடுவார்கள். பிஎச்பி செஷன் குக்கீயை உருவாக்கும்போதுதான் அனுப்புகிறது, ஒவ்வொரு பதிலிலும் புதுப்பிப்பதில்லை. ஆகவே காலை 9 மணிக்கு உள்ளே வந்தவர் இடைவிடாமல் வேலை செய்துகொண்டிருந்தாலும் 11 மணிக்கு அவர் டோக்கன் காலாவதி. "சும்மா இருந்தால் வெளியே அனுப்பு" என்று நீங்கள் கேட்டது "எப்படியும் வெளியே அனுப்பு" என்று ஆகிவிட்டது. இதை 0 என்றே விடுங்கள். ஜாங்கோவிலும் இதே குணம் வேறு உருவத்தில் உண்டு: செஷனில் ஏதாவது மாறினால்தான் அது சேமிக்கும், ஆயுளும் அப்போதுதான் நீளும், வெறுமனே பக்கங்களைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு நீளாது. ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் சேமிக்கச் சொல்லும் அமைப்பு தனியாக இருக்கிறது, இயல்பில் அணைந்திருக்கும். ஏஎஸ்பி டாட் நெட்டின் ஃபார்ம்ஸ் லாகினில் பாதி நேரம் கடந்த பிறகு வரும் ரிக்வெஸ்டுக்குத்தான் டிக்கெட் புதுப்பிக்கப்படும். 30 நிமிட டிக்கெட் வாங்கி 14ஆம் நிமிடம் கடைசியாகத் தொட்டவருக்கு அதன்பின் 16 நிமிடம்தான் மிச்சம்.

அடுத்தது இரண்டாவது சர்வர். பட்டனை அழுத்தியதுமே வெளியே விழுவது அதனால்தான் என்று நான் பந்தயம் கட்டுவேன். செஷன் கோப்பு முதல் சர்வரின் டிஸ்கில் கிடக்கிறது. லோடு பேலன்சர் அடுத்த ரிக்வெஸ்டை இரண்டாவது சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே அந்தக் கோப்பு இல்லை. மறுபடி முதல் சர்வருக்குப் போனால் மந்திரம் போட்டது போல லாகின் திரும்பி வந்திருக்கும். "ரிஃப்ரெஷ் செய்தால் சரியாகிறது, மறுபடி செய்தால் போய்விடுகிறது" என்று ஒரு பயனர் சொன்னால் அதைவிடத் தெளிவான சாட்சியம் கிடையாது. உறுதிசெய்ய, லோடு பேலன்சரில் ஒரு சர்வரைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுப் பாருங்கள். பிரச்சினை நின்றால் முடிந்தது.

ஒரே பயனரை ஒரே சர்வருக்கு அனுப்பும் ஸ்டிக்கி முறையை இன்று மாலையே போட்டு ரத்தக்கசிவை நிறுத்தலாம். நிரந்தரமாக அதை நம்ப வேண்டாம். ஸ்டிக்கிக்கு என்று ஒரு குக்கீ, அதற்கு ஒரு ஆயுள் என்று இன்னொரு கடிகாரம் சேர்கிறது. ஒரு சர்வரை இறக்கினால் அதில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே. சரியான வழி செஷனை இரண்டு சர்வருக்கும் பொதுவான இடத்துக்கு மாற்றுவது. பெரும்பாலும் ரெடிஸ், இல்லையென்றால் டேட்டாபேஸ்.

செஷன் தரவைக் குக்கீக்குள்ளேயே கையெழுத்திட்டு வைக்கும் ஃபிரேம்வொர்க்குகளில் இதே நோய் வேறு காரணத்தால் வரும். ரெயில்ஸ், ஃபிளாஸ்க் போன்றவற்றில் ரகசியச் சாவி இரண்டு சர்வரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தொடங்கும்போது சாவியைத் தற்செயலாக உருவாக்கிக்கொள்ளும் கோடு எழுதியிருந்தால், ஒரே சர்வரில் நான்கு வொர்க்கர் இருந்தாலே நாலு சாவி. ஒருவர் போட்ட கையெழுத்தை மற்றவர் போலி என்று தள்ளுவார். லாராவெலில் டிப்ளாய் ஸ்கிரிப்டுக்குள் சாவி உருவாக்கும் கட்டளை தவறுதலாக உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு டிப்ளாய்க்கும் ஊரே லாகவுட். ஏஎஸ்பி டாட் நெட்டில் மெஷின் கீ என்ற பெயரில் இதே கதை.

ரெடிஸுக்கு மாற்றும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். முதலாவது, கேஷும் செஷனும் ஒரே ரெடிஸில் இருக்கக் கூடாது. நினைவகம் நிரம்பினால் எதையும் தூக்காமல் எழுத மறுப்பதுதான் ரெடிஸின் இயல்பு. ஆனால் கேஷுக்காக யாராவது அதை "நெடுநாள் தொடாததைத் தூக்கு" என்று மாற்றியிருப்பார்கள். நெரிசல் நேரத்தில் அது செஷன்களையும் தூக்கும். ரெடிஸின் இன்ஃபோ வெளியீட்டில் எவிக்டட் கீஸ் என்ற எண் ஏறிக்கொண்டே போனால் அதுதான் நடக்கிறது. இரண்டாவது, டிப்ளாய் ஸ்கிரிப்டில் "கேஷை எல்லாம் துடை" என்று ஒரு வரி இருக்கும். பிரித்து வைக்காவிட்டால் அது செஷன்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். மூன்றாவது, பூட்டு. பிஎச்பியின் கோப்பு முறையில் ஒரு செஷனை ஒரு ரிக்வெஸ்ட் திறந்திருக்கும்போது மற்றது காத்திருக்கும். பிஎச்பிக்கான ரெடிஸ் எக்ஸ்டென்ஷனில் இந்தப் பூட்டு இயல்பில் அணைந்திருக்கும். ஒரே பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு அஜாக்ஸ் ரிக்வெஸ்ட் (பக்கம் மாறாமல் ஜாவாஸ்கிரிப்ட் பின்னணியில் அனுப்புவது) போய், இரண்டும் செஷனில் எழுதினால், கடைசியில் முடித்தவர் எழுதியது மட்டும் நிற்கும். கூடையில் போட்ட பொருள் காணாமல் போவது, ஃபார்மின் பாதுகாப்பு டோக்கன் பொருந்தாமல் போவது என்று விசித்திரமான புகார்கள் வரும். பூட்டை இயக்குங்கள்.

இங்கேயே இன்னொன்று. லாகினின்போது செஷன் ஐடியைப் புதுப்பிப்பது நல்ல பழக்கம்தான், கட்டாயமும்கூட. சிலர் ஆர்வக்கோளாறில் ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் புதுப்பித்து, பழையதை உடனே அழிக்கச் சொல்லுவார்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஒரு பதில் வழியில் தொலைந்தால் பிரவுசரிடம் பழைய ஐடிதான் இருக்கும். சர்வரோ அதை அழித்துவிட்டது. "ரயிலில் போகும்போது மட்டும் லாகவுட் ஆகிறது" என்ற புகார் வந்தால் இதைப் பாருங்கள்.

நினைவகத்தில் செஷன் வைத்திருப்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கின் இயல்பான மெமரி ஸ்டோர் உற்பத்திச் சூழலுக்கு அல்ல என்று அதன் கையேடே சொல்கிறது. ப்ராசஸ் செத்தால் எல்லாம் போகும். ஐஐஎஸ்ஸில் அப்ளிகேஷன் பூல் இயல்பாக 1740 நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது 29 மணி நேரத்துக்கு ஒருமுறை, தன்னைத்தானே மறுசுழற்சி செய்துகொள்ளும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் நகர்ந்துகொண்டே போவதால் "நேற்று காலை, இன்று மதியம்" என்று பிடிபடாமல் திரியும் லாகவுட் இதுதான். கண்டெய்னரில் ஓடுகிறது என்றால், அதற்குள் எழுதிய செஷன் கோப்பு கண்டெய்னர் மாறும்போது கூடவே போய்விடும்.

குக்கீ வரவே இல்லை என்று லாக் சொன்னால் கதை வேறு. முதல் சந்தேகம் சேம்சைட், அதாவது வேறு தளத்திலிருந்து வரும் ரிக்வெஸ்டில் குக்கீயை அனுப்பலாமா என்று பிரவுசருக்குச் சொல்லும் குறிப்பு. 2020இல் குரோம் 80 வந்தபோது, சேம்சைட் குறிப்பிடாத குக்கீகளை லாக்ஸ் (ஓரளவு தடை) என்று கருதத் தொடங்கியது. பணம் கட்டும் தளத்துக்குப் போய்விட்டு, அங்கிருந்து போஸ்ட் (ஃபார்மை அனுப்பும்) முறையில் உங்கள் தளத்துக்குத் திரும்பும்போது லாக்ஸ் குக்கீ உடன் வராது. பயனர் பணம் கட்டியிருப்பார், திரும்பி வந்தால் லாகின் பக்கம். சோதனையில் இது பிடிபடாமல் போவதற்கும் காரணம் உண்டு: சேம்சைட் குறிப்பிடாத, வைத்து 2 நிமிடம் ஆகாத குக்கீயை மட்டும் போஸ்டிலும் அனுப்ப குரோம் ஒரு சலுகை வைத்தது. டெவலப்பர் லாகின் செய்து சட்டென்று கட்டிப் பார்ப்பார், வேலை செய்யும். உண்மையான பயனர் அரை மணி நேரம் பொருள் தேடிவிட்டுக் கட்டுவார், உடையும். திரும்பி வரும் அந்த முகவரி செஷனை நம்பாமல், ஆர்டர் எண்ணையும் கையெழுத்தையும் சரிபார்த்து, பிறகு கெட் (சாதாரணமாகப் பக்கத்தைத் திறக்கும்) முறையில் உங்கள் பக்கத்துக்கே திருப்பிவிடுவது சுத்தமான வழி. சேம்சைட்டை நன் (எந்தத் தடையும் இல்லை) என்று திறந்துவிடுவதும் வழிதான், அதற்கு எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் அனுப்பச் சொல்லும் செக்யூர் கொடி கட்டாயம். ஆனால் ஒரு பக்கத்துக்காக முழுத் தளத்தின் காவலையும் தளர்த்துவது எனக்குப் பிடிக்காது.

மற்றவை சிறியவை, ஆனால் நேரத்தைத் தின்பவை. டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரியில் லாகின் செய்து, இல்லாத முகவரிக்குப் போகும் இணைப்பு எங்காவது இருந்தால் குக்கீ வராது. செக்யூர் கொடி போட்ட குக்கீ எச்டிடிபி இணைப்பில் வராது. குக்கீகளுக்குப் போர்ட் எண் ஒரு பொருட்டே இல்லை: ஒரே கணினியில் 8080இலும் 8081இலும் இரண்டு டாம்கேட் ஓடினால், ஒன்றில் லாகின் செய்தால் மற்றதில் லாகவுட் ஆகும், இரண்டும் ஒரே பெயரில் குக்கீ வைத்து ஒன்றை ஒன்று அழிக்கின்றன. பெயரை மாற்றினால் போதும். டெவலப்பர் கணினிகளில் இது அடிக்கடி நடக்கும்.

இனி அந்த 60 விநாடி. பயனர் பெரிய ரிப்போர்ட் ஒன்றைக் கேட்கிறார், சரியாக ஒரு நிமிடத்தில் பிழைப் பக்கம். "செஷன் டைம்அவுட்" என்று புகார் எழுதுவார். அது 504 என்ற பிழை எண் என்றால், என்ஜின்எக்ஸ் பின்னால் இருக்கும் சர்வரின் பதிலுக்குக் காத்திருந்து கைவிட்டது. அதன் இயல்பு 60 விநாடி. அமேசானின் அப்ளிகேஷன் லோடு பேலன்சருக்கும் இயல்பு 60தான். ரிஃப்ரெஷ் செய்தால் லாகின் அப்படியே இருக்கும், அதுதான் வேறுபாடு. இதே போலக் கீப்அலைவ் நேரம், டிஎல்எஸ் செஷன் நேரம் என்று கான்ஃபிகில் செஷன் வாடை அடிக்கும் அமைப்புகள் நிறைய உண்டு. அவற்றுக்கும் லாகினுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இணைப்பு அறுந்தால் பிரவுசர் இன்னொன்றைத் திறந்துகொள்ளும், குக்கீ கூடவே போகும்.

ஆனால் அந்த ரிப்போர்ட்டும் செஷனும் மறைமுகமாகக் கைகோக்கும் இடம் ஒன்று உண்டு, மேலே சொன்ன பூட்டு. ரிப்போர்ட் 90 விநாடி ஓடும்போது அதே பயனரின் செஷன் பூட்டப்பட்டிருக்கும். பொறுமை இழந்து இன்னொரு டேபில் முகப்புப் பக்கத்தைத் திறப்பார், அதுவும் தொங்கும். "தளமே படுத்துவிட்டது" என்பார். பக்கத்து இருக்கைக்காரருக்கு எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும். செஷனிலிருந்து வேண்டியதைப் படித்ததும் அதை எழுதி மூடிவிட்டுக் கனமான வேலையைத் தொடங்குங்கள். அதைவிட மேல், ரிப்போர்ட்டைப் பின்னணி வேலையாக்கி, முடிந்ததும் தகவல் சொல்வது. காத்திருப்பு நேரத்தை 300 விநாடி ஆக்குவதைப் பலர் தீர்வு என்கிறார்கள். அது பயனரை ஐந்து நிமிடம் வெள்ளைத் திரையைப் பார்க்க வைக்கும் ஏற்பாடு.

எல்லாக் கைகளையும் கட்டிப்போட்ட பிறகும் ஒரு புகார் மிஞ்சும்: நீளமான ஃபார்மை நிதானமாக நிரப்பிவிட்டுச் சேமி என்று அழுத்தினால் லாகின் பக்கம், எழுதியது அத்தனையும் போச்சு. தட்டச்சு செய்துகொண்டிருப்பது சர்வருக்குத் தெரியாது. ரிக்வெஸ்ட் வந்தால்தான் அதற்கு அசைவு. எழுதுவதை அவ்வப்போது வரைவாகச் சேமித்தால் இரண்டு பிரச்சினையும் ஒரே அடியில் தீரும்: தரவும் பத்திரம், செஷனும் நீளும். டேப் பின்னணியில் இருந்தால் குரோம் டைமர்களை நிமிடத்துக்கு ஒருமுறை என்ற அளவுக்கு மந்தப்படுத்தும், மடிக்கணினி தூங்கினால் டைமரே ஓடாது. ஆகவே இப்படி டைமர் வைத்து அவ்வப்போது ரிக்வெஸ்ட் அனுப்புவதை மட்டும் நம்பாமல், பிரவுசரின் உள்ளூர்ச் சேமிப்பிலும் ஒரு நகல் வையுங்கள். அப்புறம், அஜாக்ஸ் ரிக்வெஸ்டுக்கு செஷன் இல்லையென்றால் 302 கொடுத்து லாகின் பக்கத்துக்குத் திருப்பாதீர்கள். பிரவுசர் பேசாமல் அந்தத் திருப்பலைத் தொடர்ந்து போய், லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல்லை 200 என்று கொண்டுவந்து கொடுக்கும். உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் அதை ஜேசன் என்று நினைத்துப் படித்துக் குப்புற விழும். 401 (லாகின் தேவை) கொடுங்கள். அதைப் பார்த்ததும் அதே பக்கத்தில் சிறிய லாகின் பெட்டி திறந்து, உள்ளே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும்.

நேர்மாறான கோளாறைப் பற்றி யாரும் புகார் தருவதில்லை, அதனால் கண்ணில் படுவதும் இல்லை. அறிவிப்பு வந்ததா என்று 30 விநாடிக்கு ஒருமுறை கேட்கும் ஸ்கிரிப்ட் பக்கத்தில் இருந்தால், டேபைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவரின் செஷன் சாகவே சாகாது. காகிதத்தில் 15 நிமிட டைம்அவுட், நடப்பில் முடிவிலி. கடைசியாக மனிதர் தொட்ட நேரத்தை செஷனுக்குள் தனியாக எழுதி, அந்தப் பின்னணி ரிக்வெஸ்டுகள் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டைம்அவுட்டை முடிவு செய்வது அந்த நேரத்தைச் சரிபார்க்கும் உங்கள் கோடாக இருக்கட்டும். பிஎச்பியின் குப்பை துடைப்பு குப்பை துடைப்பதற்கு மட்டும். அதை டைம்அவுட்டாகப் பயன்படுத்தினால் மேலே கண்ட 25, 53 நிமிடக் கூத்துதான். உங்கள் கோடே 2 மணி நேரத்தைச் சரிபார்க்கத் தொடங்கியதும், துடைப்பின் எண்ணை மேலே சொன்ன 7200ஐவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள்.

எத்தனை நிமிடம் சரி என்று கேட்டால், தளத்தைப் பொறுத்தது. வெப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்பின் வழிகாட்டி, சும்மா இருக்கும் நேரத்துக்கு, ஆபத்து அதிகமான அப்ளிகேஷன்களில் 2 முதல் 5 நிமிடம், குறைவானவற்றில் 15 முதல் 30 நிமிடம் என்கிறது. அட்டைத் தரவைக் கையாளும் அமைப்புகளுக்கு பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்புத் தரநிலை 15 நிமிடத்துக்கு மேல் சும்மா இருந்தால் மறுபடி அடையாளம் காட்டச் சொல்கிறது. அந்த வட்டத்துக்குள் இருந்தால் 8 மணி நேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சும்மா இருக்கும் நேரத்தோடு, எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் ஒருநாள் வேலை முடிந்ததும் முடித்துவிடும் மொத்த வரம்பு ஒன்றும் வேண்டும். திருடப்பட்ட குக்கீயை ஒருவர் உயிரோடு வைத்துக்கொண்டே இருப்பதை அதுதான் நிறுத்தும்.

சோதிக்க 2 மணி நேரம் உட்கார வேண்டாம். சோதனைச் சர்வரில் எல்லா எண்களையும் 2 நிமிடமாக்கிப் பாருங்கள். அல்லது லாகின் செய்துவிட்டு, செஷன் கோப்பையோ ரெடிஸ் சாவியையோ கையால் அழித்துவிட்டு ஒரு பட்டனை அழுத்துங்கள். அப்ளிகேஷன் அந்த நேரத்தில் கண்ணியமாக நடந்துகொள்கிறதா என்பது உடனே தெரியும்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: இன்றே லாக் வரியைப் போடுங்கள், ஐஎன்ஐ கோப்பில் 7200 வையுங்கள், லோடு பேலன்சரில் ஸ்டிக்கியை இயக்குங்கள். புகார்கள் பெருமளவு அடங்கும். அடுத்து தனி ரெடிஸுக்கு செஷனை மாற்றி, பூட்டை இயக்கி, ஸ்டிக்கியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் லாகில் "குக்கீ வந்தது, செஷன் காலி" என்ற வரிகள் வந்தால் அவற்றின் நேரத்தை டிப்ளாய் நேரங்களோடும் ரெடிஸின் எவிக்டட் கீஸ் எண்ணோடும் ஒப்பிடுங்கள். "குக்கீ வரவில்லை" என்ற வரிகள் மட்டும் மிஞ்சினால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்ற ரெஃபரர் ஹெடரையும் அந்த லாக் வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் தளத்தின் பெயர் அங்கே அடிக்கடி வந்தால், சேம்சைட் பற்றிச் சொன்ன பத்திக்குத் திரும்பிப் போங்கள்.